கிடை போட்ட காடு

பிப். 3, செவ்.

காலையிலேயே வெயில். வறட்சிக் கணக்கெடுப்பு தொடக்கம். தாயில்பட்டிப் பக்கம் வேளாண் துறை சார்பில் நான், கூட வி.ஏ.ஓ. கொண்டுபோனவை: டேப், குடை, மோர். தொப்பியை மறந்தாயிற்று.

மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகி நிற்கிறது. கதிர் இல்லை. கிணறுகளில் அடிப்பாறை. ஒரே ஒரு போர்வெல்லில் மட்டும் தண்ணீர். அதுவும் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது, பட்டாசுக் கம்பெனிக்காம். பக்கத்தில் காலிக் குடங்களோடு பெண்கள். எரிச்சலாக வந்தது.

பிப். 4, புதன்

மூக்கையா காடு. மக்காச்சோளம் போட்ட நிலம் மொட்டையாகக் கிடக்கிறது, ஆட்டுப் புழுக்கை மட்டும். போன மாதமே ஆடு மேய்க்கும் கீதாரியைக் கூப்பிட்டுக் கருகிய பயிரில் ஆட்டுக்கிடை போட்டுவிட்டார்.

"காஞ்ச பயிர வச்சு என்ன செய்ய மேடம்? ஆடாவது திங்கட்டும், அடுத்த வெள்ளாமைக்கு உரமாச்சேன்னு விட்டேன்."

சம்சாரி செய்யவேண்டியதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் நிவாரணம் வேண்டுமென்றால் பயிர் நின்று கருகவேண்டும், நாங்கள் போய்ப் பார்க்கும்வரை.

வி.ஏ.ஓ. மெதுவாக, "பக்கத்துக் காட்டுல நிக்கவச்சுப் போட்டோ எடுத்துருவமா மேடம்?" போனில் இடமும் சேர்ந்து பதிவாகிவிடும். நடக்காது. நடக்குமென்றால் எடுத்திருப்பேன். மண்ணில் மிச்சமிருந்த அடித்தட்டைகளை வேரோடு பிடுங்கிப் படம் எடுத்தேன். அதையாவது ஒத்துக்கொள்வார்களா?

பிப். 6, வெள்.

தலைவலி. கேஸ் புக் பண்ணவேண்டும்.

மூக்கையாவின் மனைவி பேச்சியம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். பட்டாசுக் கம்பெனி வேலை, அரை நாள் லீவாம். கையெல்லாம் வெள்ளி நிற வெடிமருந்து. நாற்காலி அழுக்காகிவிடும் என்று உட்காரவே இல்லை.

"எங்க தெருவுல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மருந்து வேலைக்குப் போகமாட்டோம் மேடம். ஒண்ணு போனா ஒண்ணாவது பிள்ளைகளுக்கு மிஞ்சணும்ல. அவுகளுக்கு இந்தக் காடுதான். நிவாரணம் வந்தா விதை வாங்கிருவாக. வரலைன்னா நானும் கம்பெனிக்கு வாரேங்காக."

எழுதி அனுப்பியிருக்கிறேன் என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

பிப். 9, திங்.

சூலக்கரையில் மாவட்ட அலுவலகக் கூட்டம். ஏ.சி. ஓடவில்லை. மூக்கையா காட்டை எடுத்துச் சொன்னேன். மேலதிகாரியிடம் படத்தையும் காட்டினேன்.

"நீங்க போனப்ப பயிர் இருந்துச்சா?"

"அடித்தட்டை இருந்துச்சு சார்."

"பயிரும்மா, பயிர்."

இல்லை என்றேன். தரிசு என்று போடச் சொன்னார், தரிசுக்கு நிவாரணம் கிடையாது. போட்டேன். என் கையெழுத்துதான். மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள், தொடவில்லை.

வாங்கவேண்டியவை: ஓ.ஆர்.எஸ்., செருப்பு, அம்மாவுக்கு மாத்திரை. மூக்கையாவுக்குப் போன் செய்தேன். "சரிங்க மேடம், நீங்க என்ன செய்வீக" என்றார். திட்டியிருக்கலாம்.

பிப். 16, திங்.

மேகம் இல்லை. பஸ்ஸுக்கு நின்றபோது கம்பெனி வேன் வந்து நின்றது. ஜன்னலோரம் பேச்சியம்மாள். பக்கத்தில் மூக்கையா, மடியில் தூக்குச்சட்டி. என்னைப் பார்த்து மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பேச்சியம்மாள்தான் தலையை வெளியே நீட்டி, "சாப்பிட்டீகளா மேடம்?" என்றார்.

வேன் நகரும்போது, நான் கேட்காமலே சொன்னார்.

"கம்பெனில வேற வேற ரூம்தான் கேட்டிருக்கோம்."