செல்வம் பார்த்த கடைசி அறிக்கை

பிப்ரவரி 11, 2025

காலையில் எதிர்வீட்டுச் சின்னப்பிள்ளை கரண்ட் பில்லோடு வந்தாள். "போன தடவ இவ்வளவு வரலயேக்கா. ஆபீசுல ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க." நாங்கள் மின்வாரியம் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது. "அப்ப கரண்டு வேலைன்னு சொல்றீங்க?" என்று கேட்டாள், நான் ஏதோ மறைப்பதுபோல.

இதற்கெல்லாம் என் வீட்டுக்காரர் செல்வம்தான் பதில் வைத்திருப்பார். "நாங்க கரண்டு தர மாட்டோம்மா. எந்தக் கரண்ட வாங்குனா மொதலாளி பொழைப்பான், எத வாங்குனா முழுகுவான்னு முன்னாடியே சொல்றவங்க. சோசியம் மாதிரிதான். கிளி மட்டும் இல்ல." ஆவூரில் பாதிப் பேருக்கு இந்தப் பதில் மனப்பாடம். இன்று நாற்காலியில் இருந்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தார். வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது.

ஆகஸ்டில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலக்கை எழவில்லை. பேச்சும் போய்விட்டது. மிச்சம் மூன்று வார்த்தைகள். உண்ணா, அதாவது உண்ணாமலை, நான். ஆமா. நல்லாயிருக்கு.

பில்லைப் பார்த்தேன். அவள் மகன் புது ஏ.சி. வாங்கியிருக்கிறான். சொன்னேன். முகம் சுருங்கிப் போனாள்.

பிப்ரவரி 16

கட்டுமாவடியிலிருந்து அன்வர் பாட்சா அண்ணன் பேசினார். அவருடைய ஐஸ் கம்பெனிக் கூரையில் சோலார் போடலாமா, போட்டால் எத்தனை வருடத்தில் முதல் திரும்பும் என்று கணக்குப் பார்த்துத் தர வேண்டும். பேங்க்கில் அறிக்கை கேட்கிறார்களாம்.

"மாப்ள எப்படி இருக்காரு?"

"தேறிட்டு வர்றாருண்ணே."

"அவர் ஒரு கண்ணு பாத்துட்டார்னா போதும் தங்கச்சி. நான் கையெழுத்துப் போட்டுருவேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் படுத்ததற்குப் பிறகு எங்களுக்கு வரும் முதல் பெரிய வேலை.

பிப்ரவரி 27

இரண்டு தடவை கட்டுமாவடி போய் வந்தேன். மீட்டர், பழைய பில், கூரை எல்லாம் நானே பார்த்தேன். கூரையில் ஏறுவது செல்வத்தின் வேலை. அவர் மின்பொறியியல், லைன்மேன் மகன். நான் பொருளாதாரம், இலுப்பூர் உரக்கடைக்காரர் மகள். "கம்பி எனக்கு, கணக்கு ஒனக்கு" என்று சொல்லித்தான் கம்பெனியே தொடங்கினோம். இன்று ஏணியில் ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறினேன். கீழே இருந்து "பாத்து, உண்ணா" என்று சொல்ல ஆள் இல்லை.

கணக்கு முடிந்தது. நாளை திருடனை வைக்க வேண்டும்.

மார்ச் 1

திருடனைப் பற்றி இதுவரை எழுதியதே இல்லை. எங்களைத் தவிர வனிதாவுக்கு மட்டும் தெரியும், எங்களிடம் வேலை பார்த்த பெண், இப்போது திருச்சியில் தனியாக இதே தொழில் செய்கிறாள்.

தொழில் தொடங்கிய புதிதில் செல்வம் கொண்டுவந்த வழக்கம் அது. நம்பிக்கையான ஆள் எழுதியது என்றால் படிக்கிறவர் கண் சோம்பிப் போகும் என்பார். அதனால் எழுதுகிறவர் வேண்டுமென்றே ஒரு பொய்யை அறிக்கைக்குள் ஒளித்துவைக்க வேண்டும்; அதுதான் திருடன். மற்றவர் கண்டுபிடித்த பிறகுதான் அறிக்கை வீட்டை விட்டுப் போகும். தேடுகிற சாக்கில் உண்மையான தப்புகளும் அகப்படும். எத்தனை சாப்பாடு ஆறிப்போயிருக்கும் இதனால்! பிடித்துவிட்டால், "இந்தக் கணக்கப் பாத்தா கரண்டே வெக்கப்படும்" என்பார்.

இந்தத் தடவை எளிதான இடமாகப் பார்த்து வைத்தேன். ஐஸ் கம்பெனி வருடம் முழுவதும் ஓடும் என்று போட்டிருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, கம்பெனி கிட்டத்தட்ட மூடித்தான் கிடக்கும். சோலாரில் வரும் மின்சாரத்தை வாரியத்துக்குத் தள்ள வேண்டியதுதான், அதற்குக் கிடைப்பது சொற்பம். இது செல்வத்துக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

மார்ச் 3

மடியில் பலகை வைத்து அறிக்கையைக் கொடுத்தேன். இடது கையால் பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஓடும் மாதங்கள் இருந்த பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

பிறகு அடுத்த பக்கம். கடைசி வரை போய் மூடிவைத்தார்.

"நல்லாயிருக்கு."

மார்ச் 4

இன்றும் கொடுத்தேன். நல்லாயிருக்கு.

மார்ச் 8

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் கேட்டேன், அவருக்குப் புரிகிறதா இல்லையா என்று. "பேசுறது நல்லாப் புரியுதுங்க. எழுத்து, நம்பர் எல்லாம் எவ்வளவு உள்ள போகுதுன்னு சொல்ல முடியல. போகப்போகப் பாக்கலாம்" என்றாள். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை.

மாலையில் தடைக்காலம் என்ற பேச்சை நானாக எடுத்தேன். சித்திரை பிறந்தா மீன் வெலை ஏறிருமில்ல என்றேன். "ஆமா" என்றார். அறிக்கையை மறுபடி மடியில் வைத்தேன். பக்கங்களைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியார் முகத்தைப் பார்ப்பதுபோல. சரியான பதில் எதுவென்று என் முகத்தில் தேடினார்.

என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன் நான்? இது பரீட்சையா?

மார்ச் 14

அன்வர் அண்ணன் அவசரப்படுத்துகிறார். மார்ச் முடிவதற்குள் பேங்க்கில் கொடுக்க வேண்டுமாம். இன்னும் ஒரு தடவை, நிதானமாக, காலையில் அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் கொடுத்துப் பார்க்கிறேன். இல்லையென்றால் நானே எடுத்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 19

செல்வத்துக்குக் காய்ச்சல். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி.

மார்ச் 22

வீட்டுக்கு வந்துவிட்டோம். சளிதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தபடியே அறிக்கையை அனுப்பிவிட்டேன். "மாப்ள பாத்துட்டாரா?" என்று கேட்டார் அன்வர் அண்ணன். பார்த்துவிட்டார் என்றேன். பொய் இல்லையே. இரண்டு தடவை பார்த்தார்.

ஏப்ரல் 14

சாயங்காலம் டிவியில் செய்தி. நாளை முதல் மீன்பிடித் தடைக்காலம், படகுகளைக் கரையில் ஏற்றுகிறார்கள்.

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

திருடன எடுக்கல. நான் எடுக்கவே இல்ல. அனுப்பினதுலயும் அப்படியேதான் இருக்கு.

எத்தனை நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு தடவைகூட எண்ணைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

ஏப்ரல் 15

போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போனேன். சின்னப்பிள்ளை செல்வத்தோடு இருந்தாள்.

கம்பெனிக் கூரையில் இரும்புச் சட்டம் முழுவதும் அடித்தாகிவிட்டது. பேனல் அடுத்த வாரம் வருகிறதாம். அன்வர் அண்ணன் சர்பத் வாங்கிவரச் சொன்னார். அது வருவதற்குள் சொல்லிவிட்டேன். போட்ட கணக்கு தப்பு, தடைக்காலத்தைக் கழிக்கவில்லை, சொன்ன வருடத்தில் முதல் திரும்பாது. திருடனைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் விளையாடினேன் என்றுதானே ஆகும்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நான் ஒங்க பேப்பரப் படிக்கல தங்கச்சி. படிச்சாலும் எனக்கு வெளங்காது. மாப்ள பாத்தாரான்னு கேட்டேன். பாத்துட்டாருன்னீங்க."

"பாத்தாருண்ணே."

கூரையிலிருந்த சட்டத்தைப் பார்த்தார். "அவரு முன்ன மாதிரி இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நீங்க மட்டுந்தான்னா நான் வேலைய இல்லைன்னா சொல்லிருப்பேன்?"

பாதிப் பேனலை நிறுத்தினால் நஷ்டம் வராது, கணக்குப் போட்டுத் தருகிறேன் என்றேன். என் கூலியைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "அத அப்புறம் பேசிக்கலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சர்பத்தைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் எப்படி எழுந்திருப்பது?

ஏப்ரல் 18

புனித வெள்ளி. செல்வத்தைச் சக்கர நாற்காலியில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பின்வரிசையில் இருந்தோம். நான் இலுப்பூரில் மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள், இந்த ஊர் ஜெபமெல்லாம் இன்னும் பாதிதான் தெரியும். செல்வத்தின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. குனிந்து கேட்டேன். வார்த்தைகள் வந்தன. முழுசாக, வரிசையாக, சிறு வயதில் படித்த ஜெபம்.

வெளியே வந்ததும் ஆசையாக "என்னங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

"ஆமா" என்றார்.

ஏப்ரல் 23

அன்வர் அண்ணன் போன் செய்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். யோசிக்கவில்லை.

"பாதிதான் போடச் சொல்லிட்டேன் தங்கச்சி. மீதி சட்டம் சும்மா நிக்கட்டும், வலை காயப்போட்டுக்கலாம். புதுக் கணக்க எழுதி அனுப்புங்க. ஆனா இந்தத் தடவ வேற யாராச்சும் பாக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க. மாப்ளயத் தொந்தரவு பண்ணாதீங்க, பாவம்."

திரும்பினால் செல்வம் அடுப்படி வாசலில், நாலடி நடக்கப் பழகிய தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

மதியம் புது அறிக்கையை எடுத்தேன். பழக்கம், கை தானாகப் பலகையை அவர் மடியில் வைத்தது. அவர் பார்க்கவில்லை. இடது கையால் தள்ளினார். காகிதமெல்லாம் தரையில் விழுந்தது. கோபம் இல்லை, முகம் அமைதியாகத்தான் இருந்தது. எதையோ சொல்ல முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது.

"வ... வனி. வனி."

வனிதா.

ஜெபத்தை விட்டால், ஆகஸ்டுக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் புது வார்த்தை. பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள். நான் அடுப்படிக்குப் போய், வேலை இல்லாமலே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 29

வனிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருடனையும். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அறிக்கையை அனுப்பச் சொன்னாள்.

மே 2

வனிதா பேசினாள். "அக்கா, பிடிச்சுட்டேன். ஏழாம் பக்கம். சாயங்கால உச்ச நேரத்துக்கு வாரியம் கூடுதலாப் போடுற கட்டணத்த ரெண்டு தடவ சேர்த்திருக்கீங்க. என்னக்கா, இவ்வளவு சின்னப்புள்ளத்தனமாவா ஒளிப்பீங்க? அண்ணன் இருந்தா—" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

நான் எதையும் ஒளிக்கவில்லை என்றேன். அது என் சொந்தத் தப்பு.

ஜூன் 3

இலுப்பூர் அரிசி ஆலை வேலை முடிந்தது. வனிதா பார்த்துவிட்டாள். பழைய அறிக்கையின் முகப்பையே எடுத்து, ஆலையின் பெயரை மட்டும் மாற்றினேன். கீழே இரண்டு வரி. தயாரித்தவர் உண்ணாமலை. சரிபார்த்தவர் மரியசெல்வம். அங்கே கை நின்றுவிட்டது. டீ போடப் போகிறேன் என்று எழுந்தேன்.

திரும்பி வந்தபோது செல்வம் என் நாற்காலியில் இருந்தார். எப்படித் தனியாக வந்து உட்கார்ந்தாரோ. தன் பெயரின் முடிவில் ஒரு க்ளிக். பிறகு இடது கை ஆள்காட்டி விரலால் அழிக்கும் விசையை அழுத்தினார். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கிப் போனது. தடுக்கலாமா என்று நினைத்தேன். தடுக்கவில்லை.

பெயர் முழுதும் போனது. விரலை அவர் எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லையா, எடுக்க முடியவில்லையா, தெரியாது. சரிபார்த்தவர் என்ற சொல் போனது. மேல் வரிக்கு ஏறி என் பெயரிலும் பாதி போன பிறகுதான் நான் கையைப் பிடித்து எடுத்தேன். விரல் சில்லிட்டிருந்தது. என் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

டீயை அவருக்கு ஊதிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றபடியே என் பெயரை மறுபடி அடித்தேன். கீழே வனிதா என்று சேர்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.