கவிழ்த்த கொப்பரை

வியன்னா மதிலுக்கு வெளியே, பாசறை

மதிப்புக்குரிய அம்மாவுக்கு இத்ரீஸின் சலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், நாங்கள் முற்றுகையிட்ட மதிலுக்குள் பட்டினி கிடப்பவர்களைவிடக் கொஞ்சம்தான் மெலிவு.

நம் சுல்தானின் படையில் கஞ்சிக் கொப்பரையைக் கவிழ்த்தால் கலகம் என்று உனக்கே தெரியும். நேற்று அதை விளையாட்டாகக் கவிழ்த்து, மேலே ஏறி உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கூட இருக்கும் வீரர்கள் ஆயுதங்களோடு வந்து சுற்றி நின்றார்கள்.

"நெசமாவாடா? ஊருக்குப் போயிடலாமா?" என்றார் என் கூடாரத்தில் இருக்கும் செஃபர் மாமா.

தளபதி வாளோடு ஓடிவந்தார். சமையல்காரர் முந்திக்கொண்டார்: "கழுவத்தான் கவுத்தேன் ஐயா! இந்தக் குரங்கு ஏறி உக்காந்துடுச்சு."

என் தலை தப்பியது. எல்லாரும் பதுங்குகுழிக்குத் திரும்பினார்கள். கொப்பரையை நானே நிமிர்த்தினேன். காலிக் கொப்பரை இவ்வளவு கனக்குமா அம்மா?

கம்பளிக் காலுறை அனுப்பு, மாமாவுக்கும் ஒரு ஜோடி. அவர் இன்னும் பதில் கேட்பதுபோலவே என்னைப் பார்க்கிறார். முரசு கேட்கிறது, ஓடுகிறேன்.

இத்ரீஸ்