அறை ஒன்பதின் குழாய்

நாள் 31. 06:10
சுற்றுப்பாதை ஆய்வகம். பதிவு: செண்பகவல்லி, செல் ஆய்வாளர். வெப்பம் 22. காற்றழுத்தம் சரி. இருபத்து நான்கு வளர்ப்பறைகளும் இயங்குகின்றன.

எனக்குப் பின் இதைப் படிப்பவருக்கு: ஒவ்வோர் அறையிலும் ஒரு பெண்ணின் புற்றுச் செல்கள் உள்ளன. கருப்பைப் புற்று, சிகிச்சை முடிந்து மீண்டும் வந்தது. எடையற்ற இந்த இடத்தில் அவை தட்டில் படியாமல், உடம்புக்குள் வளர்வதுபோல் உருண்டையாக வளர்கின்றன. இங்கே செல்களுக்குக் கே-17 என்ற கீமோ மருந்து கொடுப்போம். கீழே பூமியில் அந்தப் பெண்ணுக்கும் அதே மருந்து. இங்கே பலிக்காவிட்டால் அங்கே நிறுத்திவிடுவார்கள். பயனில்லாத மருந்தால் யாரும் வதைபடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. முடிவைச் சொல்வது என் வேலை.

நாள் 36. 14:40
சக ஆய்வாளர் பெனடிக்ட்டுக்குச் சிறுநீரகக் கல். கீழே அழைத்துக்கொண்டார்கள். மாற்று ஆள் வர ஆறு வாரமாகும். நாளை மருந்து தொடக்கம். மருந்து செலுத்தும் பம்புகளின் சோதனைத் தாளில் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். தரை நிலையத்தைக் கேட்டேன். "ரெண்டையும் நீங்களே போட்டுருங்க மேடம். வேற வழியில்ல."

நாள் 43. 11:05
குளிரூட்டி மூன்று நாளாக நின்று நின்று ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. அறைகளின் வெப்பத்தைக் கையால் சரிசெய்கிறேன்.

வாரம் ஒருமுறை பங்கேற்பாளர் ஒருவர் என்னோடு பேசலாம். இன்று அறை ஒன்பது: ஜெசிந்தா, ஐம்பத்தாறு வயது, தூத்துக்குடி, பஸ் கண்டக்டர்.

"என் கட்டி மேல எப்படி இருக்கு டாக்டரம்மா?"

"வளருதுக்கா."

"அது எங்க போனாலும் வளரும். இங்க வாய் பூரா புண்ணு. தண்ணி குடிச்சாக்கூட எரியுது. பலிக்கும்னா தாங்கிக்கிடுதேன். பலிக்காதுன்னா சொல்லிருங்க. ஒளிக்காதீய."

நாள் 47. 09:30
பதினான்கு அறைகளில் உருண்டைகள் சுருங்குகின்றன. அறை ஒன்பதில் முப்பத்தொரு சதவீதம் பெருத்திருக்கிறது. பம்ப் சோதனை: சரி. கையெழுத்து இரண்டு. முடிவு அனுப்பினேன்: பலனில்லை, நிறுத்தலாம்.

மதியம் ஜெசிந்தாவின் குரல் வந்தது. "உள்ளதச் சொன்னீய. நாளைக்கு வீட்டுக்குப் போறேன். மீன் கொழம்பு வாய்க்குப் பிடிக்குதான்னு பாக்கணும்."

நாள் 61. 16:20
குளிரூட்டி சரியானது. எட்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்து அறைகளைச் சுத்தம் செய்ய மூடிகளைத் திறந்தேன்.

அறை ஒன்பதின் மருந்துக் குழாயில் மட்டும் அடைப்பு. மருந்து உப்புபோல் உறைந்து நிற்கிறது. முதல் நாளிலிருந்தே ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. மோட்டார் ஓடினால் பச்சை விளக்கு எரியும்; குழாயை அது பார்க்காது. குழாயை மனிதர் பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முடிவு அனுப்பிய அன்று எட்டாவது மூடி வரைதான் கழற்றினேன். தூக்கம் கண்ணை அழுத்தியது. மீதியைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். இரண்டு தடவை.

18:00
அடைப்பை நீக்கி மருந்தைச் செலுத்தினேன். மருத்துவமனையில் டாக்டர் அருமைநாயகத்திடம் சொன்னேன். ஜெசிந்தாவிடம் தானே பேசுவதாகச் சொன்னார். நான்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

நாள் 62. 10:15
சொன்னேன்.

"அப்ப மருந்து அதுக்குப் போகவே இல்ல."

"போகலக்கா. நான் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் வீட்டு மின்விசிறியை நிறுத்துவது கேட்டது.

"ஒரு தடவ ஆள் ஏறி முடிக்குமுன்னே விசில் குடுத்துட்டேன். ஒரு பிள்ளைக்குக் கால் போச்சு. அதனால உங்க நெலம எனக்குத் தெரியும். ஆனா மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. கோவமாத்தான் இருக்கு. மருந்து பலிச்சா மட்டும் கூப்பிடுங்க."

நாள் 67. 08:45
அறை ஒன்பது பாதியாகச் சுருங்கிவிட்டது. கூப்பிட்டேன். "வாரேன்னு ஆஸ்பத்திரில சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னார்.

நாள் 73. 13:10
அருமைநாயகம்: "ஒரு ஊசி போட்டோம். ரத்த அணு ரொம்பக் கொறஞ்சுபோச்சு. கட்டி கல்லீரலுக்கும் பரவியிருக்கு. இனி போட முடியாது. அந்த மூணு வாரம் நிறுத்தாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது செண்பகம். நீங்களும் கணக்குப் போட்டுப் பாக்காதீங்க."

கணக்குப் போட்டேன். நான்கு விதமாக. விடைகளை இங்கே எழுதவில்லை.

நாள் 76. 15:00
பேசலாமா என்று கேட்டு ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. வேலை செய்தேன்.

நாள் 79. 07:50
மருத்துவமனைச் செய்தி. ஜெசிந்தா நேற்று மதியம் இறந்துவிட்டார். கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்கத் தட்டச்சு செய்தேன். அழித்துவிட்டேன். கேட்க எனக்கு...

09:20
அறை ஒன்பது. உயிருள்ள செல்கள்: பூஜ்யம்.

நாளை மாற்று ஆள் வருகிறார். இன்றே முடிவு அட்டவணையை அனுப்ப வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் ஒரே கேள்வி: மருந்து பலித்ததா? இரண்டு கட்டங்கள்தான் உள்ளன. குறிப்பு எழுத இடமில்லை.

அறை ஒன்பதுக்கு 'ஆம்' என்று நிரப்பினேன்.

அது பொய் இல்லை.