பழரசம் கலக்காத தேயிலை

நான்காம் மாதம் 21

மழை விட்டது. மேட்டுத் தோட்டம் போய்வந்த மகன் வென்லுங், "பூச்சி வந்திடுச்சும்மா" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. பச்சைத் தத்துப்பூச்சி கடித்துக் கொழுந்து சுருண்டு மஞ்சளித்தால்தான் எங்கள் தேயிலையில் பீச் பழமும் தேனும் மணக்கும். கடி படாதது வெறும் இலை.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "கீழே சித்தி ஆரஞ்சுத் தோட்டத்துல பூச்சிமருந்து டிரம்மைக் கழுவுறாங்க."



22

சுன்மொய் என் ஓர்ப்படி. கொழுந்தன் பெண்டாட்டி. அவள் வாசலை நான் மிதிப்பதில்லை. ஏன் என்பதை மறக்கக் கூடாது என்றே எழுதுகிறேன்.

பல வருஷத்துக்கு முன் கோயில் முற்றத்தில் தேயிலைப் போட்டி. தைப்பேயிலிருந்து வந்த நடுவர் எங்கள் கோப்பையை மட்டும் இரண்டு முறை முகர்ந்தார். முதல் பரிசு என்று வாயெடுக்கும் நேரம் இவள் கூட்டத்திலிருந்து, "இலையில எங்கேயாவது பீச் வாசனை வருமா? எங்க அக்கா பழரசத்தைத் தெளிச்சுக் காய வெக்கிறா!" என்றாள். கத்திரிப்பூ நிறச் சட்டை. கையில் பாதி தின்ற கொய்யா. எல்லோரும் சிரித்தார்கள். தேயிலையைச் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். அதில் ஒன்றுமில்லை என்று தெரிவதற்குள் பரிசு வேறொருவனுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் குளிர்காலமே போய்ச் சேர்ந்தார்.

எங்கள் தேயிலைக்கு ஊரே வைத்த பேர் பீற்றல் தேயிலை, பெருமை பீற்றிக்கொள்கிற தேயிலை. பீற்றல் வேறு. கலப்படம் வேறு.

25

காற்று கீழிருந்து மேலே அடிக்கிறது. அங்கே மருந்தடித்தால் இங்கே பூச்சி மிஞ்சாது.

"நீ போய் ஒரு வார்த்தை சொல்லேம்மா. நான் சொன்னா சித்தி மகன் கேக்க மாட்டான்."

"நான் போக மாட்டேன். இத்தனை வருஷம் இந்த மாசத்துல அடிக்கலையே, இப்ப மட்டும் என்ன வந்துதாம்?"

"இத்தனை வருஷம் சித்தி நடமாடிக்கிட்டு இருந்தாங்க."

புத்தாண்டுக்குப் பிறகு அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தெரியும். போகவில்லை.

27

போனேன். கெஞ்ச இல்லை, சண்டை போடத்தான்.

அவள் பையன் குவோஷியாங் வேலியோரம் நின்றிருந்தான். டிரம் மூடியிருந்தது. நான் வாய் திறக்குமுன் அவனே, "கத்தாதீங்க பெரியம்மா, அடிக்கல" என்றான். "வேலியோர மரத்துக்கு இந்த மாசம் மருந்தடிக்க அம்மா விட்டதே இல்ல. காயெல்லாம் சொறி பிடிச்சுக் கொட்டும். அப்பா தலைதலையா அடிச்சுப்பாரு. 'அடிச்சா மேல அக்கா தோட்டத்துப் பூச்சி செத்துடும்'ம்பா அம்மா. இப்ப படுத்துட்டா, தெரியவா போவுதுன்னு நெனச்சேன். டிரம் உருட்டுற சத்தம் கேட்டுட்டு உள்ளேருந்தே என்ன கத்து கத்துறா!"

வேலியோரத்து ஆரஞ்சு மரங்களைப் பார்த்தேன். குளிர்காலந்தோறும் மேட்டிலிருந்து அந்தச் சொறிக் காய்களைப் பார்ப்பதுதான். நாக்குல விஷம் வெச்சிருக்கிறவ நட்ட மரம் வேற எப்படிக் காய்க்கும் என்று நினைத்திருக்கிறேன்.

உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

28

எதுக்கு செஞ்சா? செஞ்சவ ஏன் சொல்லல? யார் கேட்டா இவள?

ஐந்தாம் மாதம் 5

படகுத் திருநாள். முதல் தேயிலை வறுத்து முடிந்தது. கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

கட்டிலில் பாதியாகக் கிடந்தாள். வாய் கோணியிருந்தது. கண் மட்டும் அதே கண். தேநீர் ஊற்றினேன். தேன் நிறம். ஆவி எழுந்ததும் பழுத்த பீச், அடியில் கொஞ்சம் லிச்சி. விழுங்கிய பிறகும் தொண்டையில் நிற்கிற இனிப்பு. இந்த வருஷம் நல்ல கடி.

கரண்டியால் புகட்டினேன். வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினாள்.

"பழரசம்... கம்மி, அக்கா."

"உன் நாக்குதான் கம்மி. அன்னிக்கு நீண்டுச்சே, அது எங்கே போச்சு?"

பாதி வாயால் சிரித்தாள். தேநீர் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

"மருந்து ஏன் அடிக்கல?"

 ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அன்னிக்கு... போட்டிக்கு முன்னாடி நானும் ஒரு வாய் குடிச்சேன். அவ்ளோ நல்லா இருந்துச்சு. வயிறு எரிஞ்சுது."

"நல்லா இருந்துச்சுன்னு அங்கேயே சொல்லியிருக்கலாமே, பாவி."

"சொல்லியிருக்கலாம்."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி கேட்டாள்.

ஆறாம் மாதம் 19

சுன்மொய் போய்விட்டாள்.

ஏழாம் மாதம் 20

கோயில் திருவிழா. அதே முற்றம். வென்லுங் எங்கள் தேயிலையைப் போட்டிக்கு வைத்தான். இவர் போன பிறகு இதுதான் முதல் தடவை. சின்ன வயசு நடுவர். முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாட்டி, இலையில இவ்வளவு பழ வாசனை எங்கேருந்து வருது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் ஓர்ப்படி தோட்டத்துலேருந்து" என்றேன்.

வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். குவோஷியாங் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முன்னோர் மாடத்தில் தேநீர் வைத்தேன். முதல் கோப்பை இவருக்கு. அடுத்தது அவளுக்கு. கொஞ்சம் தள்ளித்தான் வைத்தேன்.