அப்பாவின் தொப்பியும் எங்கள் ஊர் அணியும்

பூக்காபம்பா,
ஆகஸ்ட் 11, 2024

அன்பு மகள் யானினாவுக்கு,

உன் அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மிலானில் நீயும், நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாளும் சுகமாக இருக்க வேண்டும் என்று கார்மேல் மாதாவிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இந்த வருடம் உறைபனி நன்றாக விழுந்ததால், பனியில் பரப்பி வற்றலாக்கும் உருளைக்கிழங்கு சீக்கிரம் காய்ந்துவிட்டது, உனக்கு ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து பசியில்லை என்று படுத்துவிடாதே.

நம் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கு எழுபது வயது ஆனதற்கு என்னை வரலாறு எழுதச் சொன்னார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதை முடித்துவிட்டேன். ஐந்து கோவேறு கழுதைக்காரர்களும் ஒரு வாத்தியாரும் சேர்ந்து தொடங்கியது, மாவுச் சாக்கைச் சிவப்புச் சாயத்தில் நனைத்துத் தைத்த முதல் சட்டை, ஊரே கூடிக் கல் பொறுக்கியும் இன்னும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும் மைதானம், ஓடையில் விழுந்து திரும்பாத பந்துகள் எல்லாம் சந்தோஷமாகவே எழுதினேன். 1984-க்கு வந்ததும்தான் கை நின்றுவிட்டது. கழகம் கோப்பையை நெருங்கியது அந்த ஒரு வருடம்தான், அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி நடவடிக்கைப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி: "கோல்காப்பாளர் தெமெத்ரியோவின் கவனக்குறைவால் தோற்றோம்." உன் தாத்தாவைப் பற்றி அச்சில் நிற்கப்போவது அவ்வளவுதானா என்று நினைத்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

உனக்கும் தெரிந்த கதைதான். திருவிழா நாளில் ஆட்டம் நடந்தால், மாதா ஊர்வலத்தின் பேண்டு கேட்டதும் பந்தை விட்டுவிட்டுத் தலை குனிந்து நிற்பது நம் வழக்கம். அன்று வந்த பேண்டு மாதாவுடையது அல்ல, எங்களை எதிர்த்து ஆடிய கடற்கரை ஊர் அணியின் ஆட்கள் லாரியில் ஏற்றி வந்தது. என் அப்பா தொப்பியைக் கழற்றிக் குனிந்தார், வழக்கம் தெரியாத அவர்கள் பந்தைத் தட்டி உள்ளே விட்டார்கள். அன்றிலிருந்து சந்தையில் அவர் பெயர் "திறந்த கதவு". பள்ளிக்கூடத்தில் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரோ, "கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க, சூப் குடிச்சிட்டுப் போங்க" என்று சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கோபம் வரும், அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

போன ஞாயிறு கூட்டத்தில் கையெழுத்துப் பிரதியை வாசித்தேன், அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு. தலைவர் நிக்கானோர் கண்டுபிடித்துவிட்டார். உங்க அப்பாங்கிறதுக்காக வரலாற்றை மாத்தலாமா டீச்சரம்மா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து எராக்லியோ மாமா எழுந்தார், என் அப்பாவோடு அதே அணியில் பின்வரிசையில் ஆடியவர். "எழுதுங்க டீச்சரம்மா, ஆனா முழுசா எழுதுங்க. மாதா வர்றா, தொப்பிய எடுன்னு கத்துனவன் நான். பதினொரு பேருமே குனிஞ்சோம். சனமெல்லாம் மேட்டுல நின்னு லாரியப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, திரும்பிப் பாக்கையில பந்து உள்ள கெடக்கு, தெமெத்ரியோ கையில மட்டும் தொப்பி. எங்க தலையில தொப்பி இல்ல, தப்பிச்சோம்."

நாற்பது வருடமாக வாயில் என்ன வைத்திருந்தீர்கள் என்று நிக்கானோர் கேட்டார். அதற்கு அவர், அன்று உடை மாற்றும் அறையில் அப்பாதான் எல்லோரையும் உண்மையைச் சொல்லவிடாமல் தடுத்தார் என்றார். "பதினொரு பேரும் ஏச்சு வாங்குனா அடுத்த வருஷம் யாருடா ஆடுவா? ஒருத்தன் போதும்"னு தெமெத்ரியோ சொல்லிட்டான், நாங்களும் சரின்னு நின்னுட்டோம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அணியில் உயிரோடு இருக்கும் இன்னும் இரண்டு பேரும் அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். நிக்கானோர் நடவடிக்கைப் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்து, நீங்களே திருத்துங்க என்றார்.

என் அப்பா இறந்தபின் ஒவ்வொரு வருடமும் எராக்லியோ மாமாவின் மாடுகள் முதலில் நம் வயலைத்தான் உழுகின்றன. ஏதோ நல்ல மனுஷன் என்று சூப் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவர்மேல் கோபப்பட முயன்றேன், வரவில்லை மகளே. அப்பாவை எனக்குத் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர். கத்துனது நான்தான்னு என் பெயரைப் போடுங்க என்று அவர் கேட்டார், நான் போடவில்லை. 1984-க்கு நேராக இப்படித்தான் எழுதினேன்: "அன்று பேண்டு கேட்டு எங்கள் அணியில் பதினொரு பேரும் தலை குனிந்தார்கள். தோற்றோம். அடுத்த வருடமும் பதினொரு பேரும் ஆடினார்கள்."

நீ பெட்டியில் எடுத்துப்போன தாத்தாவின் கம்பளித் தொப்பி, அன்று அவர் கழற்றிய அதே தொப்பிதான். அதைப் படமெடுத்து அனுப்பு, அந்தப் பக்கத்தில் போட வேண்டும். குளிருக்குத் தயங்காமல் போட்டுக்கொள், வெந்நீரில் மட்டும் துவைக்காதே. கார்மேல் மாதா உன்னை மடியில் வைத்துக் காக்கட்டும், உன் வேலை சிறக்கட்டும். அங்கே தெருவில் எங்காவது பேண்டுச் சத்தம் கேட்டால் முதலில் இரண்டு பக்கமும் பார், அப்புறம் தலை குனி.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா எதெல்மிரா,
தெமெத்ரியோவின் மகள்