சிக்கன ஒலியில் கேட்ட சொல்

நிலா, தென்துருவப் பனிக்குழி, கீழ்முகாம்

செவ்வாய், காலை 6.10

காற்று இயந்திரம் ஓடுகிறது. தண்ணீர் உண்டு. ஆள் நான் ஒருத்தி. பெயர் சந்தனமாரி, சமையல் வேலை. முகாமில் கடைசியாக இருப்பவர் பதிவு எழுத வேண்டும் என்று மேல்முகாமிலிருந்து மேற்பார்வையாளன் டைட்டஸ் சொன்னான். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் இருக்கட்டும்.

குழி அதிர்ந்தபோது மற்றவர்கள் வண்டியேறி மலையைச் சுற்றி மேலே போனார்கள். நான் ஏறவில்லை. என் மகள் வேல்கனி மேல்முகாமுக்குப் போகும் சுரங்கப்பாதைக்குள் இருந்தாள். விரிசல் பார்க்க அவளை அனுப்பியவன் டைட்டஸ். "சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வா" என்றான். சொன்ன தோரணைகூட எனக்கு மறக்கவில்லை.

அவள் திரும்பவில்லை.

செவ்வாய், மாலை 7.00

மின்சாரம் காற்றுக்கும் ரேடியோவுக்கும் மட்டும். மற்ற பிளக்குகள் செத்துவிட்டன. வேல்கனியின் பாட்டுப்பெட்டியில் சார்ஜ் பாதிக்கும் கீழே. கையகலப் பெட்டி. அதை ஒயரால் ரேடியோவோடு கோத்து வைத்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தாலும் அவள் பேசுவது பதிந்துவிடும். கடைசியாகப் பேசியதும் அப்படித்தான் பதிந்தது.

முழு ஒலி, சிக்கன ஒலி என்று அதில் இரண்டு உண்டு. முழு ஒலியில் மூச்சுகூடக் கேட்கும், பேட்டரியைக் குடித்துவிடும். சிக்கனத்தில் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும், ஆனால் நாள் தாங்கும். அவள் சொல்லித்தந்தபடி திரையை அணைத்து, சத்தத்தைக் குறைத்து, ஒயர் வைத்த காதுக்கருவியில்தான் கேட்கிறேன். குளிர் பேட்டரிக்கு ஆகாது என்பாள். மடியில் கட்டிக்கொண்டேன்.

"அம்மா... வலி இல்ல. வலி இல்லம்மா."

இரைச்சலுக்கு நடுவே இதைக் கேட்ட டைட்டஸும் 'வலி இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறான். வலியில்லாமல் போனாள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

புதன், காலை 9.30

மேல்முகாம் செய்தி:

"ஆச்சி, நாளைக்குக் காலைல சுரங்கப்பாதை வழியா வாறோம். நாலு பேர். நானே வண்டி ஓட்டுறேன். பாதை திறந்துதான் கிடக்குன்னு கருவி காட்டுது. மலையச் சுத்தி வந்தா நாளாயிரும், உங்க காத்து தாங்காது."

சரி என்றேன். அவனுக்கு நன்றி சொல்லவில்லை.

புதன், மாலை 5.40

சிக்கனத்தில் பத்துத் தடவைக்கு மேல் கேட்டாகிவிட்டது. ஏதோ உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் வலி என்று யாரும் சொல்வதில்லை. நோவு என்போம். மொட்டைமாடியிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது வேல்கனி "நோவுதும்மா" என்றுதான் அழுதாள். என் பேத்தியைப் பெற்றபோதும் அதையேதான் சொன்னாள். சாகும்போது மட்டும் எங்கிருந்து வந்தது வலி?

அவளுக்கு ழகரம் வராது. வாழைப்பழத்தை வாளப்பளம் என்பாள். அதற்காக அவளை பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்திய ஹெலன் டீச்சரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வழி என்பது அவள் வாயில் வளி என்றுதான் வரும். சிக்கன ஒலியில் லகரமும் ளகரமும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன.

புதன், மாலை 6.15

பேட்டரி சிவப்பில் இருக்கிறது. முழு ஒலியில் போட்டால் ஒரு தடவைதான், அதன்பின் அவள் குரல் எனக்கு இல்லை. கேட்காமல் விட்டால் அவள் வலியில்லாமல் போனவளாகவே இருப்பாள்.

புதன், மாலை 6.40

கேட்டேன்.

"அம்மா... வளி இல்ல. வளி இல்லம்மா."

நாக்கு மடிவது தெளிவாகக் கேட்டது. பின்னால் பனி சரிந்துகொண்டே இருக்கிறது. இரண்டு சொல்லுக்கும் நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள். சிக்கனம் அதைத் தின்றிருக்கிறது.

பெட்டி அணைந்துவிட்டது.

ரேடியோவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அனுப்பியவனும் அந்தப் பாதையிலேயே வரட்டும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிடுகிறேன். ஆனால் என் பிள்ளை மூச்சைப் பிடித்துச் சொன்னது வராதே என்றுதானே. அதை நான் எப்படி விழுங்குவது?

புதன், இரவு 8.05

டைட்டஸிடம் சொல்லிவிட்டேன், அவள் சொன்னது வழி இல்லை என்று.

"ஆச்சி, நல்லாக் கேட்டீங்களா?"

"பெத்தவ கேட்டேன். வராத."

"வரலன்னா..."

"தெரியும்ல. வண்டிய நிப்பாட்டு."

பிறகு, "வேற வழி பாக்கோம் ஆச்சி" என்றான். அவன் நாக்கில் ழகரம் அழகாக வருகிறது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வெள்ளி, நேரம் பார்க்க வெளிச்சம் இல்லை

நேற்று காலை வண்டி இல்லாமல், தானாக ஊர்ந்து போகும் கருவியை மட்டும் உள்ளே விட்டார்களாம். அதன்மேல் கூரை இடிந்து விழுந்தது. நாலு பேரும் மேலேயே இருக்கிறார்கள். டைட்டஸ் ரேடியோவில் சொல்லி அழுதான். அதன்பின் ரேடியோ பேசவில்லை. காற்று இயந்திரம் விட்டு விட்டு ஓடுகிறது.

இதை எடுப்பவருக்கு. பெட்டி என் மடியில். சார்ஜ் போட்டால் அவள் பேசுவாள். டைட்டஸுக்கு முழு ஒலியில் போட்டுக் காட்டுங்கள். அவள் முனகியதை அவன் கேட்க வேண்டும்.

ஊரில் என் பேத்தி இருக்கிறாள். பள்ளிக்கூடத்துத் தமிழ் பேசுகிறவள், வலி என்றுதான் சொல்வாள். அவளுக்கு மட்டும் சிக்கனத்தில் வையுங்கள். முழு ஒலி அவளுக்கு வேண்டாம். அம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டால், வலி இல்லை என்றுதான்