ஏழாவது கேள்வி

ஜூலை 6, 2025, ஞாயிறு

“அந்தக் கடை உங்க அண்ணனோடது இல்லைன்னா நீங்க என்னக்கா எழுதுவீக?”

விருதுநகரில் வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது பிரீத்திகா கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பஸ்ஸில் சாத்தூர் வந்து இறங்கும்வரை அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

நகரமைப்புப் பட்டயப் படிப்பில் மூன்று பேர் கொண்ட குழு நாங்கள். பிரீத்திகா, முனியராஜ் இருவரும் இருபதுகளில். நான் நாற்பத்தெட்டு. வாரமெல்லாம் பள்ளியில் பொருளாதாரம் நடத்திவிட்டு ஞாயிறு மட்டும் கடைசி பெஞ்ச்.

எங்களுக்கு வந்த தலைப்பு: வண்டிப்பேட்டைத் தெரு மறுசீரமைப்பு. எங்கள் தெருவேதான். ஒரு பக்கம் கடைகள். அதில் அன்வர் அண்ணனின் சாக்குக் கடை ஒன்று, எங்களைப் பெற்ற அத்தா தொடங்கியது. எதிர்ப்பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு பக்கத்தையும் இடித்துவிட்டு நான்கு மாடி வணிக வளாகம் கட்டுவது நகராட்சியின் திட்டம். மேல் இரண்டு மாடியில் லைன் வீட்டுக்காரர்களுக்குக் குடியிருப்பு என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. திட்டத்தில் எழுத யாருக்கும் கை வலிக்காது.

வளாகம் வரக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். நினைப்பது பொருளாதாரம் படித்தவளா, கடைக்காரரின் தங்கையா?

ஜூலை 9, புதன்

வினாப் பட்டியலை எழுதி முடித்தேன். யாரையும் ஒரு பக்கமாக இழுக்காத கேள்விகள் என்று நம்புகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

லைன் வீடுகளுக்குப் போனோம். முனியராஜ் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கேள்விகளைச் செய்தி வாசிப்பவர் மாதிரி வாசித்தான். அவன் வீடு அடுத்த தெரு. எல்லோருக்கும் அவனைத் தெரியும்.

“ஏலே முனியராசு, ரேசன் கார்டுக்கா எழுதுதே?”

“இல்லத்தே. படிப்புக்கு.”

“இன்னுமாலே முடியல?”

தீபாவளிச் சீசன் நேரம். ஞாயிற்றுக்கிழமையும் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் ஆட்களை ஏற்றிப்போன வேன் வந்த பிறகு மீதி வீடுகள். களைத்து வந்தவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. நின்று பதில் சொன்னார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

ஏழாவது கேள்வி: ‘இந்தத் தெருவில் தனியார் கம்பெனி கட்டடம் கட்டுவதில் உங்களுக்குச் சம்மதமா?’

லைன் வீடுகளில் ஏறக்குறைய எல்லோரும் ‘இல்லை’. கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்பது தெரிந்ததுதான். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரீத்திகா அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டாள்.

மதியச் சாப்பாட்டில் அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. எனக்கே அவ்வளவு சந்தோஷம்.

“நீ படிச்ச படிப்புக்கு இன்னைக்குத்தான் ஒரு பலன் வந்திருக்கு” என்றார். நசிமா மதினி கேட்காமலே இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

ஜூலை 24, வியாழன்

தெருமுனையில் ஃப்ளெக்ஸ். ‘மக்கள் தீர்ப்பு: வளாகம் வேண்டாம்! — கல்லூரி ஆய்வு முடிவு.’ கடைக்காரர்கள் வைத்தது; அண்ணன் வழியாகப் போயிருக்க வேண்டும். தீர்ப்பு என்ற சொல்லை நாங்கள் எங்கும் எழுதவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஏதோ இடிக்கிறது.

பதினொன்றாவது கேள்வி: ‘மேல் மாடியில் வீடு கொடுத்தால் போவீர்களா?’ ஏழாவதில் ‘இல்லை’ என்ற அதே ஆட்கள் இதில் ‘போவோம்’ என்கிறார்கள். கட்டடமே வேண்டாம் என்கிறவர் அதன் மாடியில் எப்படிக் குடியேறுவார்?

“மக்கள் அப்பிடித்தான்க்கா. ஒண்ணு சொல்லுவாக, இன்னொண்ணு செய்வாக. அதையே ஒரு பத்தி எழுதிருவோம்” என்றாள் பிரீத்திகா.

வீட்டு விஷயத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். எனக்கு வேண்டிய பதில் ஏழாவதில் இருக்கிறது. வேண்டாத பதில் பதினொன்றாவதில். அதனாலேயே பதினொன்றை நம்பத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முனியராஜைக் கூட்டிக்கொண்டு மாரிசெல்வி வீட்டுக்குப் போனேன். முப்பது வயதிருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலை. தெருக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஏழாவது கேள்வியை மறுபடி வாசித்தேன்.

“அதான் அன்னைக்கே சம்மதமில்லைன்னு சொன்னேன்ல. திரும்பத் திரும்பக் கேட்டா மாத்திச் சொல்லிருவேனாக்கும்?”

“ஏன் சம்மதமில்லைன்னு மட்டும் சொல்லுங்க.”

“நல்லாக் கேட்டீக. ஊருக்குள்ள கொண்டாந்து கம்பெனி கட்டுனா எவ சம்மதிப்பா? பகல் பூரா மருந்துக்குள்ளதான் கெடக்கோம். பிள்ளைக படுக்கிற எடத்துலயுமா?”

முனியராஜ் என்னைப் பார்த்தான். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

“எந்தக் கம்பெனி?”

“இதென்னக்கா. கம்பெனின்னா கம்பெனிதான். வெடிக் கம்பெனி.”

வரப்போவது கடைக் கட்டடம், கட்டுகிறவர்கள்தான் கம்பெனி என்று சொன்னேன். கையிலிருந்த சேலையை வாளியில் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“கடையா? ஏலே முனியராசு, நீயுமாலே? ஒங்க ஆத்தா எங்கூட ஒரே வேன்லதானலே கம்பெனிக்கு வாரா.”

அவன் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் சொருகினான்.

“கீழ கடை, மேல வீடுன்னா எனக்குச் சம்மதம். ஆனா கக்கூசு வீட்டுக்குள்ளயே இருக்கணும். இடிச்சுக் கட்டுத வரைக்கும் எங்களத் தூக்கி எங்கயாவது காட்டுல போட்டுறக் கூடாது. ரெண்டையும் எழுதிக்கோங்க. இந்தத் தடவ சரியா எழுதுங்க.”

எழுதிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் கம்பெனி என்றால் சாக்கு லோடு அனுப்புகிறவர்கள். ஆர்டர் கொடுத்தால் சரக்கு வரும். அதைத் தாண்டி அந்தச் சொல்லுக்கு ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம் அது வெடிக்கும். இவ்வளவு காலம் ஒரே தெருவில் இருந்திருக்கிறோம்.

கேள்வியை எழுதியது நான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேசாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது.

மாரிசெல்விக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

மறுபடி கேட்க வேண்டும். எல்லா வீட்டிலும்.

ஆகஸ்ட் 6, புதன்

பிரீத்திகாவுக்குக் கோபம். “அடுத்த மாசம் இன்டர்வியூல இந்த ரிப்போர்ட்டத்தான்க்கா காட்டப் போறேன். முதல் பக்கத்தையே கிழிக்கச் சொல்லுதீக.”

வழிகாட்டிப் பேராசிரியர் அடிக்குறிப்பாகப் போட்டால் போதும் என்கிறார். மதிப்பெண் குறையாதாம். அடிக்குறிப்பை யார் வாசிப்பார்கள்? ஃப்ளெக்ஸைத்தான் வாசிப்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பேராசிரியரிடம் முடியாது என்பது இந்த வயதில் எளிதாக வருகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வரமாட்டாள் என்று நினைத்தேன். பிரீத்திகா குடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். “பேசாதீக. வெயிலாவது குறையுதான்னு பாப்போம்” என்றாள். இந்த முறை முனியராஜ் வாசிக்கவில்லை, பேசினான்: “அத்தே, கீழ கடை, மேல வீடு. சரியா, வேண்டாமா?”

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முடிந்தது. லைன் வீடுகள் பெரும்பாலும் சம்மதம், மாரிசெல்வி சொன்ன அதே இரண்டு நிபந்தனைகளோடு. கடைகள் சம்மதமில்லை.

கடைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் சாக்குக் கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஃப்ளெக்ஸ எறக்கணும்ணே.”

“எறக்கு. கூடவே கடையையும் எறக்கிரு.”

“நான் எறக்கலண்ணே. கேட்டதுக்கு அவுக சொன்ன பதில்.”

“அத்தா இருந்தா இப்பிடிக் கேப்பியா?”

கேட்டிருப்பேனா? தெரியலயே. நான் மட்டும் என்ன செய்ய, எனக்கும் அந்தக் கடைதானே சோறு போட்டுச்சு, படிக்க வச்சுச்சு, இந்தப் பாழாப்போன கேள்வியையும் அந்தப் படிப்புதானே எழுதுச்சு—

போதும்.

ஆகஸ்ட் 20, புதன்

‘இத்திட்டத்தில் நான் கற்றது’ என்று ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டுமாம். இந்த மாதிரிப் பக்கங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எல்லோரும் குழுவாகச் செயல்படக் கற்றதாகவே எழுதுவார்கள். முனியராஜ் அனுப்பியதை வாசித்தேன். ‘என் அம்மா கம்பெனிக்குத்தான் போகிறார். ஆனால் அட்டையைக் கழுத்தில் மாட்டியதும் எனக்குக் கம்பெனி வேறு கம்பெனி ஆகிவிட்டது.’

பிரீத்திகா: ‘முதல் பக்கத்தை இரண்டு முறை எழுதக் கற்றேன்.’

என் பக்கம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. அண்ணன் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாளை சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் வளாகம் பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் அறிக்கையை நான்தான் வாசிக்க வேண்டும். அண்ணனும் வருகிறார் என்று மதினி சொன்னாள். “என்ன பேசுவாகன்னு எனக்கும் தெரியாது. சட்டைய மட்டும் தேய்க்கச் சொன்னாக.”

எதுவானாலும் முதல் வரியை மாற்றப் போவதில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முதல் வரி இதுதான்: “நாங்கள் முன்பு சொன்ன முடிவு தவறு. ஏழாவது கேள்வி தவறாகக் கேட்கப்பட்டது. அதை எழுதியது நான்.”

பிறகு புதிய முடிவு. மாரிசெல்வி வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய இரண்டு நிபந்தனைகளையும் அவள் சொன்ன வார்த்தையிலேயே வாசித்தேன், கக்கூசு உட்பட. யாரோ சிரித்தார்கள். மறுபடி வாசித்தேன்.

பின்வரிசையிலிருந்து பாத்திரக் கடை காளிராஜ் எழுந்தார். “டீச்சரம்மா இதுக்கு எம்புட்டு வாங்குனாக?”

அண்ணன் எழுந்தார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உக்காருலே காளிராசு. அவ வாங்குற ஆளா இருந்தா மொதல்ல நான்ல குடுத்திருப்பேன்.”

கூட்டம் சிரித்து அடங்கியது. அண்ணன் அதிகாரியைப் பார்த்துப் பேசினார்.

“கட்டடம் எனக்குச் சம்மதமில்ல. அத எழுதிக்கோங்க. கட்டித்தான் தீருவீகன்னா, லைன் வீட்டு ஆளுகளுக்கு வீடுன்னு சொன்னத எழுத்துல குடுங்க. எங்களுக்குக் கீழ்த்தளம் வேணும், வாசல் அகலமா. சாக்குக் கட்டு மாடி ஏறாது.”

அதிகாரி எழுதிக்கொண்டார். முடிவு எதுவும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது அண்ணன் வண்டியை உதைத்துக்கொண்டு நின்றார். “ஏறு.” கூட்டத்தில் காட்டிய தெரு வரைபடத்தைச் சுருட்டி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு ஏறினேன். நெடுஞ்சாலையில் பாதி தூரம் போனோம். பிறகு சொன்னார்:

“அந்தக் கேள்விய எங்கிட்ட ஒரு தடவ வாசிச்சுக் காட்டியிருக்கலாம்ல.”

“காட்டியிருந்தா?”

முன்னால் போன லாரியைத் தாண்டினார். “எனக்கும் சாக்குக் கம்பெனிதான் ஞாபகம் வந்திருக்கும்.”

தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். ஃப்ளெக்ஸின் ஒரு பக்கக் கயிற்றை அவர் அவிழ்த்தார். மறுபக்கத்தை நான். எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து, “மூட்டைக்கு மேல மூட ஆகும்” என்று வண்டியில் வைத்துக்கொண்டார்.